சேந்த்-மரி-த-ல-மேர் கோட்டைத் தேவாலயம்

பிரான்சின் தெற்கில் ரோன் ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் சேர்கிறது. அந்தக் கிளைகளுக்கு நடுவிலும் சுற்றிலும் பரந்து கிடக்கும் சதுப்புச் சமவெளிக்குக் கமார்க் என்று பெயர். அதன் கடல் விளிம்பில் உள்ள கிராமம் சேந்த்-மரி-த-ல-மேர். கடலோரப் புனித மரியாக்கள் என்று இதற்குப் பொருள். ஊரின் நடுவே, தாழ்ந்த வெள்ளை வீடுகளுக்கு மேலே, மணல் நிறக் கல்லால் ஆன உயரமான தேவாலயம் ஒன்று நிற்கிறது. கடல் அன்னை மரியாவுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட இதன் இன்றைய கட்டடம் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. அமைதிக் காலத்தில் திருப்பலிக்கும், கடற்கொள்ளையர் வந்தால் ஊர்மக்கள் உள்ளே புகுந்து கதவடைத்துப் போரிடுவதற்கும் சேர்த்தே இதைக் கட்டினார்கள். ஐரோப்பாவில் கோட்டைத் தேவாலயங்கள் பல இருக்கின்றன. பிரெஞ்சுக் கடற்கரையிலேயே மகலோன், ஆக்த் ஆகிய ஊர்களின் பேராலயங்கள் இதே வகையைச் சேர்ந்தவை. ஆயினும் கடலைப் பற்றிய அச்சமும், கடல்வழி வந்தவர்கள் மீதான பக்தியும் ஒரே சுவருக்குள் இத்தனை நெருக்கமாகக் குடியிருக்கும் இடம் இதைப்போல் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. இந்த ஆலயத்தின் வரலாறு முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் நகர்கிறது.

நிலமும் ஊரும்

கமார்க்கில் மலை இல்லை, குன்றும் இல்லை. உப்பங்கழிகள், நாணற்காடுகள், நெல்வயல்கள், உப்பளங்கள், வெள்ளைக் குதிரைகள், கருப்புக் காளைகள், பூநாரைக் கூட்டங்கள் என்று விரியும் தட்டை நிலம் அது. வடக்கே ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆர்ல் நகரிலிருந்து வருகிறவர்களுக்கு, வீடுகள் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே இந்த ஆலயத்தின் மணிச்சுவர் தொடுவானத்தில் தெரியத் தொடங்கிவிடும். கடலிலிருந்து பார்த்தாலும் அப்படியே. மீனவர்களுக்கு அது கரைக்குறி. கொள்ளையருக்கும் அதுவே குறியாக இருந்திருக்கும்.

சேந்த்-மரியின் ஆட்சிப்பரப்பு சுமார் 375 சதுர கிலோமீட்டர். ஐரோப்பியப் பிரான்சின் ஊராட்சிகளில் ஆர்லுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். அத்தனை பெரிய பரப்பில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே. மற்றதெல்லாம் நீரும் புல்லும். இந்த வெறுமையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஆலயம் ஏன் கோட்டையானது என்பது விளங்கும். ஓடி ஒளிய இங்கே வேறு இடம் கிடையாது.

ஊருக்குப் பெயர் பலமுறை மாறியது. மிகப் பழைய ஆவணங்களில் இது புனித மரியா த ராத்திஸ். பிறகு நோத்ர்-தாம்-த-ல-மேர், அதாவது கடல் அன்னை. இன்றைய பெயர் 1838இல் வந்தது. ஒற்றை மரியா, பல மரியாக்கள் ஆனதற்குப் பின்னால் உள்ள கதை ஆலயத்தின் நடுக்கதை. அதற்குமுன் மதில் எழுந்த காரணத்தைப் பார்த்துவிடலாம்.

மண்கோட்டையில் பிடிபட்ட பேராயர்

கமார்க் அடங்கிய பகுதிக்குப் புரொவான்ஸ் என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் அதன் கடற்கரை பட்ட பாடு கொஞ்சமல்ல. 838இல் மார்செய் நகரைச் சராசென்கள் எனப்பட்ட முஸ்லிம் கடற்கொள்ளையர் சூறையாடினார்கள். 842இல் ஆர்லின் சுற்றுப்புறத்துக்கு வந்தார்கள். 859இல் வடக்கிலிருந்து டேனிஷ் வைக்கிங்குகள் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு வந்து ரோன் முகத்துவாரத்தில் நுழைந்து, கமார்க்கிலேயே பாசறை அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆற்றுவழியே மேலேறிப் பல ஊர்களைக் கொள்ளையிட்டார்கள். கரையோர மக்களுக்குக் கடல் என்றாலே பாய்மரம் தெரிகிறதா என்று பார்க்கும் திசையாக மாறிப்போனது.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை, புனித பெர்த்தென் ஆண்டேடு என்ற பிராங்கிய வரலாற்றுக் குறிப்பு விரிவாகச் சொல்கிறது. 869ஆம் ஆண்டுக்கான பதிவை எழுதியவர் ரெய்ம்ஸ் பேராயர் ஹிங்மார். ஆர்ல் நகரப் பேராயராக இருந்த ரோத்லாந்து, ஆர்லில் இருந்த புனித செசாரியுஸ் மடத்தின் சொத்துகளைப் பேரரசர் இரண்டாம் லூயியிடமிருந்து பெற்றிருந்தார். அந்த மடத்துக்குக் கமார்க்கில் நிறைய நிலம் இருந்தது. கரையைக் காக்க அங்கே ஒரு கோட்டை கட்ட நினைத்தவர், கல்லுக்குக் காத்திராமல் வெறும் மண்ணால் கட்டினார். சராசென்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தக் கோட்டைக்குள்ளேயே போய் இருந்துகொண்டார். வந்தவர்கள் அவருடைய ஆட்களில் முந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொன்று, பேராயரைப் பிடித்துக் கட்டிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மீட்புத்தொகையாக 150 ராத்தல் வெள்ளி, 150 மேலங்கிகள், 150 வாள்கள், 150 அடிமைகள் என்று பேசி முடிக்கப்பட்டது. பொருள் சேர்ந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 19 அன்று, பேராயர் கப்பலிலேயே இறந்துபோனார். கொள்ளையர் அதை வெளியே விடவில்லை. இனிமேல் இங்கே தங்க முடியாது, சீக்கிரம் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு, பிடிபட்டபோது அணிந்திருந்த குருவுடையையே பிணத்துக்கு உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, மரியாதையோடு தூக்கிவருவதுபோல் கரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மீட்க வந்தவர்கள் நலம் விசாரிக்க அருகில் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. மூன்றாம் நாள், அவர் தமக்காக முன்பே செய்துவைத்திருந்த கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

வரலாற்று நூல்கள் பலவும் இந்த நிகழ்ச்சியை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் கமார்க்கின் கட்டடக்கலையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது. மண் சுவரால் பயனில்லை, கல் வேண்டும், அந்தக் கல்லும் ஊர்மக்கள் ஓடிச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை உயிரைக் கொடுத்துக் கற்றது. சராசென்கள் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே பிராக்சினேத் என்ற இடத்தில் நிரந்தரத் தளமே அமைத்துக்கொண்டார்கள். அதை ஒழிக்க 10ஆம் நூற்றாண்டின் எழுபதுகள் வரை பிடித்தது. அதன் பிறகும் கடற்கொள்ளை நிற்கவில்லை.

கட்டடம்

11ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பழைய ஆலயம் ஆர்லுக்கு அருகில் உள்ள மோன்மஜூர் மடத்துத் துறவிகளின் பொறுப்புக்கு வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் இன்றைய ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பாணி ரோமானெஸ்க். பக்கக் கூடங்கள் இல்லாத ஒற்றை நடுக்கூடம். தடித்த சுவர்கள், மிக உயரத்தில் மிகச் சிறிய சன்னல்கள். வெளிச்சத்தைவிட அம்பு உள்ளே நுழையாதிருப்பதே கட்டியவர்களுக்கு முக்கியமாக இருந்தது. கோடைநாளில் வெளியே கண் கூசும் வெயிலிலிருந்து உள்ளே போகிறவருக்கு முதல் சில கணங்கள் மெழுகுவர்த்திச் சுடர்களைத் தவிர எதுவும் தெரியாது.

வெளிச்சுவர்களில் அலங்காரம் ஏறக்குறைய இல்லை. தெற்குச் சுவரில் மட்டும் இரையைக் கவ்விய இரண்டு பளிங்குச் சிங்கங்கள் பதிந்திருக்கின்றன. சுவரின் உச்சியில் ஓடுவது மதில் பல்வரிசை. சங்க இலக்கியம் ஞாயில் என்று சொல்லும் அதே அமைப்பு. வீரன் மறைந்து நின்று அம்பெய்ய ஒரு திட்டு, இடையில் ஓர் இடைவெளி, மறுபடி ஒரு திட்டு. சுவரை விட்டு வெளியே துருத்திய பகுதிகளில், அடியில் நெருங்கியவர்கள் தலைமேல் கல்லும் கொதிநீரும் கொட்டுவதற்குத் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். கற்பலகை பரப்பிய கூரையைச் சுற்றிக் காவலர் நடக்கும் பாதை செல்கிறது.

பீடம் இருக்கும் கிழக்குக் கோடிதான் கோட்டையின் உயிர்நிலை. கீழே வழிபாட்டுப் பீடம், அதன்மேல் காவலர் அறை, அதற்கும் மேலே தலைமைத் தூதரான புனித மிக்கேலுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட சிற்றாலயம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே கொத்தளமாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். மிக்கேல் வாளேந்திய தூதர் என்பதால், படைமேடைமேல் அமைந்த ஆலயத்துக்கு அவர் பெயரை வைத்தது பொருத்தம்தான். இந்தக் கொத்தளத்துக்கும் கூரைக்கும் நடுவே மணிகள் தொங்கும் திறந்த மணிச்சுவர் எழுகிறது. ஐந்து வளைவுகளில் ஐந்து மணிகள்.

உள்ளே பீடத்தைச் சுற்றி வளைந்த சுவரில் எட்டுப் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதியில் உள்ள செதுக்கல்கள் நுணுக்கமானவை. ஆபிரகாம் மகனைப் பலியிட முனையும் காட்சி அவற்றில் ஒன்று. இருட்டான, முரட்டுத்தனமான ஓர் ஆலயத்தில், பக்தர்கள் அண்ணாந்து பார்த்தாலும் சரியாகத் தெரியாத இடத்தில், இவ்வளவு கவனமாகச் செதுக்கிய கல்தச்சர்களின் உழைப்புக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றே தோன்றுகிறது.

நடுக்கூடத்தின் தரையில் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த ஊரில் இது நன்னீர்க் கிணறு. முற்றுகை நீடித்தால் உள்ளே அடைபட்டவர்கள் தாகத்தால் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இதை ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மதிலின் பற்களையும் திறப்புகளையும்விட இந்தக் கிணறுதான் இது கோட்டை என்பதற்கு வலுவான சான்று.

படகில் வந்தவர்கள்

புரொவான்ஸில் வழங்கும் மரபுக்கதை இது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட சில ஆண்டுகளுக்குப் பின், அவருடைய நெருங்கிய சீடர்களைப் பிடித்து, பாயும் துடுப்பும் இல்லாத படகில் ஏற்றிப் பாலஸ்தீனக் கரையிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதில் மகதலா மரியா இருந்தார். மார்த்தாவும் அவர் சகோதரர் லாசரும் இருந்தார்கள். சின்ன யாக்கோபின் தாய் மரியா இருந்தார். செபதேயுவின் மக்களுக்குத் தாயான மரியா சலோமி இருந்தார். மாக்சிமின் முதலிய வேறு சிலரும் இருந்தார்கள். அலையும் காற்றும் படகை ரோன் கழிமுகத்தில் கரை சேர்த்தன. இறங்கியவர்கள் நன்றிக்கு ஒரு சிறு பீடம் எழுப்பிவிட்டுப் பிரிந்தார்கள். மகதலா மரியா சேந்த்-போம் குகைக்குத் தவமிருக்கப் போனார். மார்த்தா தராஸ்கோன் ஊருக்குப் போய் அங்கே ஆற்றில் இருந்த கொடும் விலங்கை அடக்கினார். லாசர் மார்செய்க்கும் மாக்சிமின் எக்ஸ் நகருக்கும் போனார்கள். வயதான இரண்டு மரியாக்கள் மட்டும் இறங்கிய இடத்திலேயே தங்கி, அங்கேயே இறந்து அடக்கமானார்கள்.

இதற்கு முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் கிடையாது. புரொவான்ஸின் புனிதர் கதைகள் எழுத்தில் திரண்டது 11, 12ஆம் நூற்றாண்டுகளில். இடத்தின் பழமை மட்டும் உறுதி. 6ஆம் நூற்றாண்டில் ஆர்ல் ஆயராக இருந்த செசாரியுஸ் காலத்திலேயே இங்கே வழிபாடு இருந்ததாகக் கருதப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் நான்காம் ஓட்டோவுக்காக நூல் எழுதிய டில்பரி ஊர் ஜெர்வேஸ், இந்தக் கடலோர ஆலயத்தையும், படகில் வந்தவர்கள் மண் பிசைந்து கட்டிய பீடத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். அப்படியானால் மதில் எழும்பிக்கொண்டிருந்த தலைமுறையிலேயே அந்தக் கதையும் ஊருக்குள் உயிரோடு இருந்தது. கடலைப் பார்த்து ஞாயில் கட்டியவர்கள், அதே கடலில் துடுப்பில்லாமல் மிதந்துவந்த பெண்களைத் தங்கள் காவல் தெய்வங்களாகக் கொண்டாடினார்கள்.

1448

புரொவான்ஸின் பிரபுவாக இருந்த ரெனே மன்னர் ஓவியமும் கவிதையும் தெரிந்தவர். பக்திமான். மரியாக்களின் உடல்கள் ஆலயத்துக்கு அடியில்தான் இருக்கின்றன என்ற நம்பிக்கையைச் சோதித்துவிட விரும்பி, திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசின் அனுமதி பெற்று 1448இல் பீடத்தின்கீழ் தோண்டச் செய்தார். பெண்களின் எலும்புகள் என்று கொள்ளப்பட்டவை கிடைத்தன. வழவழப்பான ஒரு பளிங்குக் கல்லும் கிடைத்தது. மரியாக்கள் தலைவைத்துப் படுத்த கல் என்று சொல்லி அதைத் தூணில் பதித்தார்கள். பக்தர்கள் தொட்டுத் தொட்டு அது இன்னும் மழமழப்பாகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மன்னர், அரசி, திருத்தந்தையின் தூதர், ஆயர்கள் எல்லாரும் கூடியிருக்க, எலும்புகளைப் பேழையில் வைத்து மிக்கேல் சிற்றாலயத்தில் ஏற்றினார்கள்.

தொல்லியலாளர் கண்ணால் பார்த்தால் இந்த அகழ்வில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. தேடியது கிடைத்தே தீரும் என்று நம்பித் தோண்டினார்கள், கிடைத்ததும் நம்பினார்கள். ஆனால் கட்டடத்தின் வரலாற்றில் 1448 போல் பெரிய திருப்பம் வேறில்லை. தோண்டிய இடம் நிலவறையாக மாறியது. அதற்கு இடம்விடப் பீடப்பகுதியின் தரையை உயர்த்தினார்கள். அதனால்தான் இன்று நடுக்கூடத்திலிருந்து பார்த்தால் சில படிகள் மேலே பீடத்துக்கும் சில படிகள் கீழே நிலவறைக்கும் போகின்றன. கூட்டம் பெருகவே 15ஆம் நூற்றாண்டிலேயே நடுக்கூடத்தை மேற்கே நீட்டினார்கள். காவலுக்கென்று கட்டிய மேல்மாடம் பேழையின் வீடாயிற்று. இந்த மாற்றத்தோடு ஆலயத்துக்குக் கோட்டை வேலை இரண்டாம்பட்சமாகி, யாத்திரைத்தலம் என்ற வேலை முதன்மையானது. பின்னாளில் மேல் சிற்றாலயத்துக்கு 15ஆம் லூயி காலத்துப் பாணியில் வெளிர்பச்சையும் பொன்னும் கலந்த மரப்பலகை அலங்காரம் செய்தார்கள். முரட்டுக் கொத்தளத்தின் உச்சியில் ஓர் அரண்மனை அறை!

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794இல், பேழைகளை எடுத்து எரித்தார்கள். எலும்புகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே மறைத்துவைத்துக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். கொந்தளிப்பு அடங்கியதும் அவை திரும்பி வந்தன. 1840இல் பிரெஞ்சு அரசு வெளியிட்ட வரலாற்றுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இந்த ஆலயம் இடம்பெற்றது.

சாரா

நிலவறைக்குள் இறங்கினால் வெப்பம் முகத்தில் அடிக்கும். நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் எரிந்து கூரையே கருத்திருக்கும். பீடத்துக்கு ஒரு பக்கத்தில் கருத்த முகமுடைய பெண்ணின் சிலை நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய மேலாடைகளில் உடல் புதைந்துபோய் முகம் மட்டும் தெரிகிறது. இதுதான் சாரா. ஜிப்சிகள் என்று உலகம் அழைக்கும் ரோமா, மனுஷ், ஜித்தான் மக்களின் காவல் தெய்வம். அவர்கள் சாரா காலி என்பார்கள், கருப்புச் சாரா. நேர்த்திக்கடனாகப் பட்டு அங்கி சாத்துவதும், கன்னத்தைத் தடவிக் கையை முத்திக்கொள்வதும், நோயுற்ற குழந்தையின் படத்தைக் காலடியில் வைப்பதும் இங்கே நாள்தோறும் நடக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து போகிறவர் யாருக்கும் அந்தக் காட்சியில் விளக்கம் தேவைப்படாது.

சாராவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்து 1521இல் வேன்சான் பிலிப்போன் எழுதிய மரியாக்களின் கதை. அதில் அவர் கமார்க்கில் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்காகப் பிச்சை எடுக்கும் தரும மகள். பின்னாளைய கதைகளில் மரியாக்களோடு படகில் வந்த எகிப்தியப் பணிப்பெண். ரோமா மக்களிடையே வழங்கும் கதை இவற்றிலிருந்து மாறுபட்டது. அதில் சாரா யாருக்கும் பணிப்பெண் இல்லை. ரோன் கரையில் வாழ்ந்த ஒரு குலத்தின் தலைவி. புனிதப் பெண்கள் வரப்போகிறார்கள் என்று கனவில் கண்டு கரையில் காத்திருக்கிறாள். கடல் கொந்தளித்துப் படகு தத்தளிக்கும்போது தன் மேலாடையை அலைமேல் வீசி, அதையே தெப்பமாக்கி அவர்களைக் கரையேற்றுகிறாள். கடலிலிருந்து வருபவரைக் கண்டு கதவடைத்த கரையில், கை நீட்டி வரவேற்றவள் எங்கள் குலத்துப் பெண் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். இந்தக் கதைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். விரட்டப்பட்ட மக்கள் தங்களுக்காகப் புனைந்துகொண்ட கதை விருந்தோம்பலின் கதையாக இருக்கிறது.

ரோமா மக்களின் மூதாதையர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. புரொவான்ஸில் அவர்கள் தென்பட்ட முதல் பதிவு 1419இல் சிஸ்தரோன் நகரில். 1438இல் ஆர்லுக்கு வந்தார்கள். சாராவைக் கடலுக்குக் கொண்டுபோவதைப் பார்த்து, துர்கை, காளி சிலைகளை நீரில் விடும் இந்திய வழக்கத்தோடு சிலர் ஒப்பிடுகிறார்கள். ஒப்பீடு மனத்தை ஈர்க்கிறது, ஆனால் இரண்டையும் இணைக்கும் வரலாற்று ஆவணம் கிடையாது. சேந்த்-மரி யாத்திரையில் ஜிப்சிகள் பெருந்திரளாகக் கலந்துகொண்ட செய்திகளே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் வருகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை சாராவுக்கு முறைப்படி புனிதர் பட்டம் அளித்ததில்லை. நெடுங்காலம் ஜிப்சிகளுக்கு நிலவறை மட்டுமே இடம். அங்கே இரவு முழுவதும் விழித்திருந்து வேண்டுவார்கள். மேலே நடக்கும் பவனி மரியாக்களுக்கு உரியது.

இதை மாற்றியவர் போல்கோ த பரோன்செல்லி. பிரபுக் குடும்பத்தில் பிறந்து, அரண்மனை வாழ்வை விட்டுக் கமார்க்கில் காளை வளர்க்க வந்தவர். புரொவான்ஸ் மொழிக்கும் கார்தியான்கள் எனப்படும் குதிரையேறிய மாடுமேய்ப்பவர்களின் மரபுக்கும் வாழ்நாளைச் செலவிட்டவர். சிலுவை, நங்கூரம், இதயம் மூன்றும் இணைந்த கமார்க் சிலுவையை 1924இல் ஓவியர் எர்மான்-போலைக் கொண்டு வரையச் செய்தவரும் இவர்தான். சாராவையும் வெளியே எடுத்துக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று திருச்சபையிடம் மன்றாடி, 1935இல் அனுமதி பெற்றார். நிலவறையில் இருந்தவள் முதல்முறையாக ஊர்த்தெருவில் வெயிலைப் பார்த்தாள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஏழே ஆண்டுகளில் அதே கமார்க்கில் நேர்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடோடிகளை அளவெடுத்து அடையாளப் புத்தகம் கொடுத்துக் கண்காணிக்கும் சட்டம் பிரான்சில் 1912இலேயே வந்திருந்தது. 1942இல், ஜெர்மன் ஆதிக்கக் காலத்தில் பிரான்சை ஆண்ட விஷி அரசு, ஆர்லுக்கு அருகே சாலியே என்ற இடத்தில் ஜிப்சிகளை அடைத்துவைக்க ஒரு முகாம் கட்டியது. வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கமார்க்கின் நாணல் கூரைக் குடிசை வடிவிலேயே கட்டினார்கள். ஏறக்குறைய எழுநூறு பேர் 1944 வரை அங்கே பசியிலும் நோயிலும் அடைபட்டுக் கிடந்தார்கள். யாத்திரைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த அதே பாதைகளில் அவர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்தார்கள். ஒரு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் நாட்டின் இந்தப் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள 2016 ஆனது. சேந்த்-மரியின் திருவிழாவைப் பற்றி எழுதும் சுற்றுலாக் கையேடுகள் கித்தாரையும் பாவாடையையும் சொல்லிவிட்டுச் சாலியேவை விட்டுவிடுவது பெரும் குறை.

திருவிழா

மே 24, 25 ஆகிய நாள்கள் பெரிய யாத்திரை. முதல் நாள் பிற்பகல் மேல் சிற்றாலயத்தின் கதவு திறக்க, பூச்சுற்றிய கயிறுகளில் கட்டிய பேழைகளை இராட்டினத்தைச் சுழற்றி அங்குலம் அங்குலமாக இறக்குவார்கள். கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்து, மரியாக்கள் வாழ்க, சாரா வாழ்க என்று முழங்கும். பேழை தரையைத் தொடுமுன் அதைத் தொட்டுவிட வேண்டும் என்பது ஆசை. குழந்தைகளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார்கள். அன்றே சாராவின் பவனி. ஜிப்சி இளைஞர்கள் தோள்கொடுக்க, வெள்ளைக் குதிரைகளில் கார்தியான்கள் சூழ, சிலை கடலுக்குள் இடுப்பளவு நீர்வரை போகிறது. மறுநாள், நடுக்கூடத்தின் ஓரத்தில் ஆண்டு முழுவதும் இருக்கும் சிறு மரப்படகில் அமர்ந்த இரு மரியாக்களின் முறை. மீன்பிடி படகிலிருந்து ஆயர் கடலையும் மக்களையும் ஆசீர்வதிப்பார். மே 26 பரோன்செல்லியின் நினைவு நாள். அன்று குதிரைகளும் காளைகளும் ஊர்க்காரர்களும்தான். அக்டோபர் 22ஐ ஒட்டிய ஞாயிறன்று, ஜிப்சிக் கூட்டம் இல்லாத இன்னொரு யாத்திரை நடக்கும்.

1448 கண்டெடுப்பின் ஐந்நூறாம் ஆண்டான 1948இல் விழாவுக்குத் தலைமை தாங்கியவர், அப்போது பிரான்சில் திருத்தந்தையின் தூதராக இருந்த ரொன்கால்லி. பத்து ஆண்டுகள் கழித்து அவரே திருத்தந்தை 23ஆம் யோவான் ஆனார்.

எழுத்திலும் வண்ணத்திலும்

1859இல் பிரெடரிக் மிஸ்த்ரால் புரொவான்ஸ் மொழியில் எழுதிய மிரேயோ என்ற காவியத்தின் முடிவு இந்த ஆலயத்தில்தான். காதலைக் குடும்பம் மறுத்ததால் மரியாக்களிடம் முறையிட வெயிலில் கமார்க்கைக் கடந்துவரும் நாயகி, வெயில் தாக்கி இங்கே உயிர்விடுகிறாள். 1864இல் இசையமைப்பாளர் குனோ அதை ஓபராவாக்கினார். 1904இல் மிஸ்த்ராலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாயகியின் சிலை ஊர்ச் சதுக்கத்தில் இருக்கிறது.

வின்சென்ட் வான் கோ 1888 மே மாத இறுதியில் ஆர்லிலிருந்து குதிரை வண்டியில் இங்கே வந்து சில நாள் தங்கினார். மத்தியதரைக் கடலை அவர் பார்த்தது இங்கேதான். அவர் வரைந்த ஊர்க்காட்சியில் வரிசை வரிசையாக ஓடும் செடிகளுக்கு அப்பால் வீடுகளும், எல்லாவற்றுக்கும் மேலே ஆலயமும் நிற்கின்றன. அது நெதர்லாந்தின் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கரையில் வரைந்த ஒரு கடற்காட்சியின் வண்ணத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கடலே பகைவனாக

கொள்ளையர் போய்விட்டார்கள், கடல் மட்டும் நெருங்கிக்கொண்டேயிருக்கிறது. ரோன் ஆற்றின்மீது அணைகளும் கரைகளும் எழுந்தபின் கழிமுகத்துக்கு வரவேண்டிய வண்டல் குறைந்து, கரை அரிக்கத் தொடங்கியது. 1859இல் கமார்க்கின் கடலோரமாக நீண்ட கடற்கரை அணை முடிக்கப்பட்டது. ஊருக்கு முன்னால் இன்று பாறை அடுக்குகளும் அலைத்தடுப்புகளும் இருக்கின்றன. ஆலயத்தின் கூரையில் நின்று பார்த்தால் தெற்கே கடலும் வடக்கே கழிகளும் எவ்வளவு அருகில், எவ்வளவு சம உயரத்தில் இருக்கின்றன என்பது நன்றாகத் தெரியும். கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் பிரான்சின் மிகவும் ஆபத்துக்குள்ளான கரைகளில் ஒன்று இது.

பார்க்கச் செல்வோருக்கு

ஆர்லிலிருந்து பேருந்து உண்டு. ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, கூரைமேல் ஏறக் கட்டணம் உண்டு. குறுகிய சுழல்படி ஏறச் சிரமப்படாதவர்கள் கூரையைத் தவறவிடக் கூடாது. ஞாயிலும் மணிச்சுவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மே மாதக் கடைசி வாரத்தைத் தவிர்த்து, இளவேனில் தொடக்கத்திலோ இலையுதிர் காலத்திலோ போகலாம். திருவிழாவுக்காகப் போகிறவர்கள் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். நிலவறையில் படம் எடுப்பதற்குமுன் அங்கே வேண்டிக்கொண்டிருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். திரும்பும் வழியில் சாலியே நினைவுச் சின்னத்தின் முன்னும் ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். அது ஆர்லுக்குப் போகும் சாலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.